'செய்த உதவி' என்றொரு கட்டம்

சமூகப்பணிப் படிப்பின் களப்பயிற்சிக்காக என்னைப் பல்லடம் நூலகத்தில் போட்டிருக்கிறார்கள். வாரம் ஒருவருடைய பிரச்சினையைக் கேட்டு, நான் செய்த உதவியோடு படிவத்தில் எழுத வேண்டும்.

இன்று ஞாயிறு. பனியன் கம்பெனியில் தைக்கிற அக்கா ஒருவர், விரித்த வார இதழில் ஒரு பக்கம்கூடத் திருப்பாமல் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

எனக்கு ஆள் கிடைத்துவிட்டது. படிவத்தோடு போய் எதிரே உட்கார்ந்தேன்.

"ஏதாச்சும் பிரச்சினைங்களாக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங் கண்ணு. கம்பெனில நாளெல்லாம் மெசின் சத்தம். ஊட்டுல ஆளுக்கொரு பேச்சு. இங்க வந்தாத்தான் ஒரு மணி நேரம் யாரும் எங்கிட்டப் பேச மாட்டாங்க."

கொஞ்சம் யோசித்து, மரியாதையாகவே சேர்த்துச் சொன்னார். "இந்த வாரந்தான் நீங்க வந்துட்டீங்க."

நாற்காலி கிறீச்சிடாமல் தூக்கி வைத்துவிட்டு வந்தேன்.

'செய்த உதவி' கட்டத்தில் "எழுந்து வந்தேன்" என்று எழுதியிருக்கிறேன். மதிப்பெண் விழுமா, சீனியர்கள் சொல்லுங்கள்.