சந்தனப் பொட்டோடு வந்த பதில்

மெயில் சர்வருக்காக யாராவது முழங்காலில் நிற்பார்களா என்று சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். நான் நின்றேன். 2011 அக்டோபரில், ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் சர்வர் அறைத் தரையில், துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதபடி நின்றேன். என் ஆண்டவர் அங்கே எனக்குச் செய்ததை மறைக்க மனமில்லாமல்தான் இன்று உங்கள் முன்னால் பேசுகிறேன்.

நான் எஸ்தர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. எனக்கு வாய் அதிகம் என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் ஜூலையில் என் கணவர் ஜெபராஜ் பைக்கில் வந்தபோது லாரி தட்டி வலது கால் நொறுங்கிப்போனது. ஒரு ஆபரேஷன் முடிந்து, அடுத்தது டிசம்பரில் என்றார்கள். அவருடைய கான்ட்ராக்ட் வேலை அடிபட்ட வாரமே போய்விட்டது. வைத்தியம் முழுக்க என் இ.எஸ்.ஐ. கார்டில்தான் நடந்தது. என் வேலை போனால் கார்டு போகும், கார்டு போனால் அவர் கால் போகும். இரவும் பகலும் இதுதான் என் தலைக்குள் ஓடியது.

எங்கள் கம்பெனி கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்கிறது. கார் கம்பெனிக்காரர்கள் டிராயிங்கில் மாற்றம் சொன்னாலும் ஒப்புதல் கொடுத்தாலும் மெயிலில்தான். அந்த மெயிலை எல்லாம் சுமக்கிற, என் பொறுப்பில் இருந்த பழைய சர்வருக்குப் பெரிய டிராயிங் வந்தாலே மூச்சு முட்டும். அனுப்பிய மெயில் அனுப்பினவருக்கே திரும்பி வரும். அப்கிரேடு செய்யாமல் இனி ஓட்ட முடியாது என்று ஆனது. ஆயுதபூஜைக்கு இரண்டு நாள் லைன் ஓடாது, மெயில் வராது, அப்போது முடித்துவிடலாம் என்று நானே மேனேஜரிடம் சொன்னேன். விடுமுறை முடிந்த வெள்ளிக்கிழமை காலையில் கார் கம்பெனியின் ஆடிட். பழைய ஒப்புதல் மெயில்களை எல்லாம் திறந்து காட்ட வேண்டும்.

"அதுக்குள்ள முடிஞ்சுடுமாம்மா?" என்றார் மேனேஜர்.

"முடிஞ்சுடும் சார்" என்றேன். இந்த வாய் இருக்கிறதே!

விஜயதசமி அன்று காலை தனியாக உட்கார்ந்தேன். முதலில் பேக்கப் எடுத்தேன். பிறகு அப்கிரேடைத் தொடங்கினேன். பாதியில் திரை அப்படியே நின்றது. சர்வரை அணைத்து மறுபடி போட்டால், டிஸ்க்கே இல்லை என்று வந்தது. உள்ளே கரகரவென்று ஒரு சத்தம்.

பேக்கப் இருக்கிறதே என்று அதைத் திறந்தேன். பாதிக்கு மேல் திறக்கவில்லை. டிஸ்க் காலையிலேயே சாகக் கிடந்திருக்கிறது. அதிலிருந்து எடுத்ததும் கெட்டுப்போயிருந்தது. சரி, இரண்டாவது டிஸ்க் இருக்கிறதே. எங்கள் சர்வரில் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும், ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். மூடியைத் திறந்து அதைச் சோதித்தேன். காலி. ஒரு மெயில்கூட இல்லை. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து வந்த மெயில் மொத்தமும் போயிற்று.

மேனேஜருக்குப் போன் செய்தேன். அவர் சத்தம் போடவில்லை. "சாயங்காலத்துக்குள்ள மெயில் வரலைன்னா நாளைக்கு ராஜினாமாவோட வாம்மா. என்னால உன்னைக் காப்பாத்த முடியாது" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்குப் பேசினேன். பேச வரவில்லை, அழுகைதான் வந்தது. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஜெபராஜ் சொன்னார்: "ஏட்டி, அழாத. காலு போனா போட்டும். நீ சாப்பிட்டியா?"

அதைக் கேட்டதும் உடைந்துபோனேன். விடுமுறையில் தொழிற்சாலையே பிணம்போல் கிடந்தது. ஏசி குளிரில் கையும் காலும் விறைத்தன. "ஆண்டவரே, எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்துவிட்டேன். இனி நீர்தான் பார்க்க வேண்டும். அந்த மனுஷனை நடக்க வையும்" என்று கதறினேன். ஒன்றும் நடக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சமாதானம்கூட வரவில்லை. கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

ஆனால் ஒரு எண்ணம் மட்டும் மனதை விட்டு நகரவே இல்லை. வேலுவுக்குப் போன் செய். வேலு என்னோடு கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர், பென்னலூர்க்காரர். நாளைக்கு விசாரணை என்று வந்தால் பழியை என் மேலேயே போட்டுவிடட்டும், அவர் பிழைப்பாவது மிஞ்சட்டும் என்று சொல்லலாமென்று கூப்பிட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். இரண்டாவது டிஸ்க்கும் காலி என்றதும் வேலு குறுக்கிட்டார்.

"மேடம், திட்டக்கூடாது. உள்ள கீறது ஸ்பேர் டிஸ்க் மேடம். ஒரிஜினல் சாமி படத்தாண்ட கீது."

"என்ன சொல்றீங்க வேலு?"

"முந்தாநாள், லீவு வுடறதுக்கு முன்னாடி கம்பெனில போட்ட பூஜைல வெச்சேன். வருஷா வருஷம் பழைய கீபோர்டுதான் வெப்பேன். டூல் ரூம் ஆளுங்கோ, ஒடைஞ்ச கீபோர்டுதான் உன் ஆயுதமான்னு கலாய்ச்சிக்கினே இருந்தாங்கோ. ரோஷத்துல, ஓடிக்கினு இருக்கசொல்லவே டிஸ்க்கைக் கழட்டிட்டேன். சர்வர் கத்துச்சு, சத்தத்தை ஆஃப் பண்ணிட்டு ஸ்பேரைச் சொருவிட்டேன். நாளைக்கு மாத்திடலாம்னு இருந்தேன் மேடம்."

"ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"உங்க வாய்க்கு பயந்துதான்."

சபையாரே, ஒவ்வொரு வருஷமும் பூஜை நாளில் மதியமே லீவு போட்டுக் கிளம்புகிறவள் நான். அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அன்று செக்யூரிட்டியிடம் பூஜை போட்ட அறையின் கதவைத் திறக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினேன். வாடின மாலை, எலுமிச்சம்பழம், சிந்திய பொரி. சுத்தியலுக்கும் வெர்னியருக்கும் நடுவில் எங்கள் டிஸ்க், சந்தனமும் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தது. மார்போடு அணைத்துக்கொண்டேன். அந்தச் சந்தனம் என் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டது.

அதைப் பொருத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. பூஜை அன்று மாலை வரை வந்த ஒவ்வொரு மெயிலும் இருந்தது. வேலு பைக்கில் பறந்து வந்தார். இருவருமாக முதலில் அதிலிருந்து முழு பேக்கப் எடுத்தோம். பிறகுதான் அப்கிரேடைத் தொட்டோம். வெள்ளிக்கிழமை ஆடிட்டில் கேட்ட மெயிலை எல்லாம் திறந்து காட்டினேன். ராஜினாமா பற்றி மேனேஜர் அதன்பிறகு வாயே திறக்கவில்லை.

இதை முன்பு ஒருமுறை சொன்னபோது சபையில் ஒரு அக்கா முகத்தைச் சுளித்து, "அந்தப் பொட்டை உடனே துடைச்சியா?" என்று கேட்டார்கள். டிஸ்க்கைச் சர்வரில் சொருகும் பின்னில் ஒட்டியிருந்ததை மட்டும் துடைத்தேன் அக்கா. கம்பெனி மெயில் மொத்தமும் செத்துக் கிடந்த நேரத்தில், அந்த ஒரு டிஸ்க்கை மட்டும் என் ஆண்டவர் எட்டத்தில் எடுத்து வைத்திருந்தார். நான் கேட்பதற்கு இரண்டு நாள் முன்பே. நான் அங்கே இருந்திருந்தால் வேலுவைக் கிழித்திருப்பேன். டிஸ்க் சர்வருக்குள்ளேயே இருந்து, அன்றைக்கு இரண்டுமே போயிருந்தாலும் போயிருக்கும்.

இப்போது பூஜை நாளில் நான் லீவு போடுவதில்லை. என் வாயும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. வேலு எதைக் கழற்றுவதானாலும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கழற்றுகிறார். அவர் பெயரைச் சொல்லித் தினமும் ஜெபிக்கிறேன்.

இங்கே யாராவது என்னைப்போல் எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து கேளுங்கள். சமாதானம் வராவிட்டாலும் கேளுங்கள். பதில் எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நம்பாதவர்கள் கடைசி வரிசையைத் திரும்பிப் பாருங்கள். பாட்டு முடிந்து நீங்கள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டீர்கள், என் ஜெபராஜ் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.