காயல்பட்டினத்தில் அடைக்க முடியாத கதவு

இன்று காயல்பட்டினத்தில் ஒரு வீட்டில் காற்றுக் கசிவு அளந்தேன். கதவு ஜன்னல்களை அடைத்துவிட்டு, வாசலில் பெரிய ஃபேனைப் பொருத்தி, காற்று எங்கே ஓடுகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

துபாயிலிருந்து வந்திருக்கும் வீட்டுக்காரருக்கு, ஏசி எவ்வளவு ஓடினாலும் வீடு குளிரவில்லை என்று கவலை.

"எல்லாக் கதவும் அடைச்சாச்சா பாய்?"

"அடைச்சாச்சு தம்பி."

ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. வீடு திறந்தே கிடப்பதாக மீட்டர் காட்டியது.

தேடிப் பார்த்தால், அடுக்களைச் சுவரில் பக்கத்து வீட்டுக்குள் போகும் கதவு ஒன்று அகலத் திறந்திருந்தது.

"இது?"

அவருடைய மனைவி உள்ளேயிருந்து சொன்னார். "அது கதவா? எங்க ராத்தா வீட்டுக்குப் போற வழில்லா!"

பத்து நிமிடம்தான் என்று கெஞ்சி அடைத்தேன். மூன்றாவது நிமிடம் அந்தப் பக்கமிருந்து யாரோ தட்டினார்கள். ராத்தாதான், அந்த அம்மாவின் அக்கா. குரல் உடைந்திருந்தது.

"ஏளா, நான் என்ன செஞ்சேன்னு கதவ அடைச்சே?"

திறந்துவிட்டோம்.

அறிக்கையில் 'கசிவு உள்ள இடம்' என்பதற்கு நேராக 'ராத்தா வீடு' என்று எழுதிவிட்டேன். 'அடைக்கும் முறை' என்ற கட்டம் இன்னும் காலி. தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். ராத்தாவிடம் போய்ச் சொல்லவும் நீங்களே வரவேண்டும்.