குழாயக்காவும் சுவருக்குள் குடியிருந்தவர்களும்

குழாயக்காவைப் போல ஒருத்தியை அந்தத் தெரு பார்த்ததில்லை. இனிமேலும் பார்க்கப் போவதில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் எந்தக் கொம்பனும் ஒதுங்கி நிற்க வேண்டும். யாரிடமும் கைகட்டி நின்று கற்ற வேலையல்ல. தன் வீட்டுக் குழாயைத் தானே கழற்றி, வீட்டையே வெள்ளக்காடாக்கி, திரும்ப மாட்டிப் பழகியவள். போன இடத்தில் "என் தப்பு" என்று அவள் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை, அப்படியொரு கை.

அந்தக் கைக்குக் கிடைத்த பரிசுதான் அந்தச் சிநேகிதம். ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் ஒழுகலைத் தேடிக் குளியலறைச் சுவரில் ஒரு டைலைப் பெயர்த்தாள். உள்ளே, குழாய்கள் ஓடும் இடுக்கில், விரல் உயரத்தில் ஒரு குட்டி மனிதர் கூட்டம் நனைந்த சிறகுகளோடு நடுங்கிக்கொண்டிருந்தது. வேறு யாராயிருந்தாலும் அலறியடித்து ஓடியிருப்பார்கள். அக்காவோ, "முதல்ல ஒழுகறதை நிறுத்தறேன், அப்புறம் யாரு என்னன்னு சொல்லுங்க" என்றாள்.

அன்றிலிருந்து ஒட்டும் உறவும்தான். அவர்களில் ஒருத்தி சரியான வாயாடி. சிறகு மின்னியதால் அவளுக்கு மினுக்கி என்று பேர் வைத்தாள் அக்கா. தேய்ந்த வாஷரெல்லாம் அங்கே சாப்பாட்டுத் தட்டாயிற்று. தையல்காரரான அக்காவின் கணவருக்கு மட்டும் விஷயம் தெரியும். ஆளைப் பார்க்காமலே வெட்டுத்துணியில் சட்டை தைத்து அனுப்புவார். "இடுப்பு இறுக்குதாம்" என்று அக்கா திருப்பிக் கொண்டுவந்தால், "சிறகு வச்சவங்களுக்குமா தொப்பை?" என்பார்.

ஒரு நாள் அந்தக் கட்டடத்துக் குழாய்களுக்கெல்லாம் வாஷர் மாற்றிவிட்டு, மிஞ்சிய பசையை டைலுக்குப் பின்னால் வைத்தாள். ஓட்டை அடைக்கும் பசை. நன்றாகக் காய்ந்தால் கல்லுதான்.

"மினுக்கி, எங்கேயாவது சொட்டினா இதை வச்சு அடைச்சிடு. இந்தக் கட்டடத்துல ஒரு சொட்டு விழக் கூடாது. விழுந்தா என் மானம் போச்சு."

"உன் மானம் எங்க மானம்க்கா" என்றாள் மினுக்கி.

மறுநாள் காலையில் கட்டடத்தில் எந்தக் குழாயிலும் தண்ணீர் இல்லை. அக்கா ஓடி வந்தபோது வீட்டுக்கார அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். பக்கத்தில் கொத்தனார், சுத்தியலும் உளியுமாக.

"தொட்டியில தண்ணி தளும்புது, குழாயில காத்துகூட வரல. சுவத்துக்குள்ள ஏதோ அடைச்சிருக்கு. உடைச்சுப் பார்த்துட வேண்டியதுதான்!"

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்று அக்கா குளியலறைக் குழாயைக் கழற்றினாள். அதன் வாய்க்குள் பசை. வழவழவென்று பூசி, மேலே கடுகளவு கைத்தடங்கள். அக்காவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று, ஒன்று விடாமல் எல்லாக் குழாய்க்கும் வாய்ப்பூட்டுப் போட்டிருக்கிறார்கள்!

கொத்தனார் டைலில் உளியை வைத்தார். உள்ளே சிறகுகள் படபடப்பது அக்காவின் காதுக்கு மட்டும் கேட்டது. உண்மையைச் சொன்னால் ஊரே திரண்டு வந்து சுவரைப் பிய்க்கும். சொல்லாவிட்டால் சுத்தியல் விழும்.

"நிறுத்துங்கண்ணே! சுவத்துல ஒண்ணுமில்ல. என் தப்பு."

"என்னது?"

"ஒழுகக் கூடாதேன்னு நேத்து எல்லாக் குழாய்லயும் பசை வச்சேன். அளவு தெரியாம வச்சுட்டேன். வாயை அடைச்சிருச்சு."

வீட்டுக்கார அம்மா சிரித்த சிரிப்பு மாடிப்படியெல்லாம் உருண்டது. "என் கை பட்டா ஒழுகாதுன்னு தண்டோரா போடுவியே! ஒழுகல தாயே, ஒண்ணுமே ஒழுகல!"

கொத்தனாரும் சேர்ந்துகொண்டார். "தலைவலிக்குத் தலையையே எடுத்துட்டியேக்கா. நல்ல வைத்தியம்!"

மேல்வீட்டுக்காரர்கள் வேறு எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா பதிலுக்கு வாயைத் திறந்திருந்தால் அத்தனை பேரும் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடியிருப்பார்கள். ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கொத்தனார் உளியைப் பைக்குள் போட்டுப் படியிறங்கும் வரை அப்படியே நின்றாள். எத்தனையோ பெரிய மனிதர்களால் முடியாத காரியம் அது.

எல்லோரும் போனதும் டைலை நகர்த்தினாள். மினுக்கி அழுது மூக்கு சிவந்து நின்றாள்.

"நாங்க செஞ்சதுக்கு நீ ஏன்க்கா பேச்சு வாங்கின?"

"பசையைக் கொடுத்தவ நான்தானேடி. போகட்டும் விடு. குழாய்னா திருகினா வரணும், மூடினா நிக்கணும். மூடியும் வந்தாத்தான் ஒழுகல். புரியுதா?"

"இதை நேத்தே சொல்றதுக்கென்ன?"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சொல்லுவேடி, சொல்லுவே! உன் ஆளுங்களைக் கிளப்பு. பசை முழுசா காயறதுக்குள்ள நீங்க உள்ளேருந்து சுரண்டுங்க, நான் வெளியே இருந்து நெம்பறேன்."

ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். கடைசிக் குழாயில் தண்ணீர் பீறிட்டபோது, உள்ளே சுரண்டிக்கொண்டிருந்த மினுக்கியும் சேர்ந்து வாளிக்குள் வந்து விழுந்தாள்.

"தண்ணி வந்தாச்சா, கெட்டிக்காரி?" என்று கீழேயிருந்து வீட்டுக்கார அம்மாவின் குரல்.

"வந்தாச்சும்மா" என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டே, அக்கா மினுக்கியை உள்ளங்கையில் ஏந்திச் சிறகைத் துடைத்துவிட்டாள்.