உளுந்தங்களியும் ஊத்து ரோடும்

சூடான உளுந்தங்களியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றும் வாசம் எங்காவது வந்தால், வாயில் எச்சில் ஊறுவதற்கு முன்னால் எனக்குக் கெண்டைக்கால் வலிக்கிறது. ராணுவத்துக்குத் தேர்வாகி, பயிற்சிக்குக் கிளம்பும் நாளை எதிர்பார்த்து மாஞ்சோலை மலையில் காத்திருந்த அந்த மழைக்காலம் முழுக்க, அம்மா எனக்கு அதைத்தான் கிண்டிப் போட்டாள்.

அம்மாவும் அப்பாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக நின்ற "லயன்" வீடுகளில் ஒன்று எங்களுடையது. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் மாமா, நான் தேர்வான சேதி கேட்டு களக்காட்டிலிருந்து பஸ் ஏறி வந்தார். வந்தவர் வாழ்த்துச் சொல்லவில்லை, என் வயிற்றைத்தான் பிடித்துப் பார்த்தார். "என்னவே மருமவனே, தொந்தி எட்டிப் பாக்குது? ஓட முடியாதவன அங்கன வீட்டுக்கு அனுப்பிருவானுவ, வயித்தக் கட்டு" என்றார். மறுநாளே, எங்களுக்கு மேலே இருந்த ஊத்து எஸ்டேட்டுக்கு ஏறும் ரோட்டில் ஓட ஆரம்பித்தேன்.

குழப்பமும் அன்றே ஆரம்பித்தது. "ஏலே, எந்திரி. வெளுத்துட்டு, ஓடப் போலே" என்று கம்பளியை உருவி எழுப்புகிறவள் அம்மாதான். மழையில் நனைந்து, காலில் ஏறிய அட்டைகளைத் தட்டிவிட்டுத் திரும்பினால், வட்டில் நிறையக் களியும் அவித்த முட்டையும் வைத்துக்கொண்டு காத்திருப்பவளும் அவள்தான். "அங்கன சப்பாத்தியும் பருப்பும்தானாம்லே, இங்கன இருக்கையில தின்னுக்கோ" என்பாள். மிச்சம் வைத்தால் முகம் சுருங்கிவிடும். கூட்டில் கோழிகள் ஒவ்வொன்றாக எனக்குக் குழம்பாகிக் குறைந்துகொண்டே வந்தன. எனக்கோ மேட்டு வளைவில் மூச்சு வாங்குவது குறையவே இல்லை.

ஒருநாள் சாப்பிடும்போது அப்பா, யாரையும் பார்க்காமல், "இவன் போயிட்டா, நாம வேலைய விட்டு நிக்கிற அன்னைக்கு வீட்டுக்குப் பூட்டுதான்" என்றார். குடும்பத்தில் யாராவது தோட்டத்தில் வேலை பார்க்கும்வரைதான் வீடு நமக்கு. நானோ ஒற்றைப் பிள்ளை. அம்மா என் வட்டிலில் இன்னொரு அகப்பை சோற்றை வைத்தாள். அதன்பின் ஒவ்வொரு கவளத்தோடும் ஒரு சந்தேகத்தையும் சேர்த்து விழுங்கினேன். ஓடச் சொல்வதும் இவள். ஓடவிடாமல் செய்வதும் இவளா? கேட்கத் துணிச்சல் வரவில்லை. ஒருநாள் ஏற்றத்தில் மூச்சு முட்டி ரோட்டோரம் உட்கார்ந்தபோது, திருப்பி அனுப்பிவிட்டால் நல்லதுதானோ என்று எனக்கே தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகப் பயந்துபோய், எழுந்து மறுபடி ஓடினேன்.

திருப்பி அனுப்பவில்லை. பயிற்சியில் முதல் சில வாரங்கள் ஓடும்போது வயிறு இழுத்துப் பிடித்தது. ஆனாலும் மேட்டில் பழகிய கால்களுக்குச் சமதரை விடுமுறை கொடுத்தது போல இருந்தது. வீடுதான் தங்கவில்லை. சில வருடங்களில் கம்பெனி தோட்டத்தையே மூடிவிட, எல்லோருமே மலையிலிருந்து இறங்கும்படி ஆயிற்று. வேலை பார்க்கப் பிள்ளை இருந்த வீடும், பட்டாளத்துக்குப் பிள்ளை போன வீடும் ஒன்றுபோலப் பூட்டிக் கிடக்கின்றன.

போன விடுமுறையில், திருநெல்வேலி வாடகை வீட்டிலிருந்து மேடே இல்லாத ரோட்டில் ஓடிவிட்டு வந்தேன். அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள் அம்மா. நான் போக வேண்டும் என்று நினைத்தாளா, வேண்டாம் என்றா? கடைசியில் கேட்டே விட்டேன். களியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"போணும்னும் இருந்துச்சு, போவாண்டாம்னும் இருந்துச்சு. என்னத்தச் சொல்ல? எப்படியும் வீடு போவத்தான் போவுதுன்னு அப்பமே தெரிஞ்சிருந்தா, உனக்கு இப்படிக் களியக் கொட்டாம, வயித்தக் கட்டி ஓட விட்டிருப்பேம்லே."

சொல்லிவிட்டு, வட்டிலில் களியை வைத்துக் குழி பறித்து, வழக்கத்தைவிடக் கூடுதலாகவே எண்ணெய் ஊற்றினாள்.