களைக்கு வாங்கிய உப்பு

பூட்டுக்காரருக்கு அறுபது வயதுவரை செடிகொடி என்றாலே ஆகாது. ரத்த அழுத்தம் எகிறுகிறது, உப்பை நிறுத்துங்கள் என்று டாக்டர் சொன்ன அதே வாரத்தில் அவருக்குத் தோட்டத்தின் மேல் கொள்ளை ஆசை பிறந்தது. தற்செயல்தான் என்று நம்புகிறவர்கள் தாராளமாக நம்பிக்கொள்ளட்டும்.

மனைவி உப்பு ஜாடியைப் பூட்டி வைக்கவில்லை. பாதி ஊர்ப் பூட்டைக் கம்பியால் திறந்த மனுஷனிடம் பூட்டு என்ன செய்யும்? உப்பு வாங்குவதையே நிறுத்திவிட்டாள். வேளாவேளைக்கு சப்பென்று ஒன்று தட்டில் விழும். அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு விழுங்குவார். அவளும் எதிரே உட்கார்ந்து அதையே சாப்பிடுவாள்.

ஒருநாள் உப்புப் பாக்கெட்டும் கையுமாக வந்து நின்றார்.

"இது எதுக்கு?"

"களைக்கு. வாசல்ல கல்லு இடுக்கெல்லாம் புல்லு மண்டிக் கிடக்குல்ல? கொதிக்கிற தண்ணியில கரைச்சு இடுக்குல மட்டும் ஊத்தணும். செடிப் பக்கம் ஒரு சொட்டு போகக் கூடாது, மண்ணே கெட்டுப்போயிடும். மழை வர்ற மாதிரி இருந்தா தொடவே கூடாது."

பாடத்தில் ஒரு குறையும் இல்லை. செய்முறையில்தான் சின்ன மாற்றம். உப்பு இடுக்குக்குப் போகாமல், அவர் சட்டைப் பையிலிருந்த தகர டப்பாவுக்குப் போனது. அவள் தண்ணீர் எடுக்கத் திரும்பினால் தட்டில் ஒரு சிட்டிகை விழும். பூட்டுக்குள் கம்பி விட்டுப் பழகிய விரல்கள், சத்தமே வராது.

களைகளோ ராஜபோகமாக வளர்ந்து பூவும் விட்டன.

"இது வேற ரகம். ரொம்பக் கெட்டி" என்று சொல்லி அடுத்த பாக்கெட் வாங்கினார். அதற்கடுத்ததும் வாங்கினார். ரகத்தின் கெட்டித்தனத்தை அவரைப்போல் புகழ்ந்தவர் யாருமில்லை.

ஒரு காலையில் கடைக்குக் கிளம்பியவருக்குச் செருப்புக்குள் கால் நுழையவில்லை. தலை வேறு சுற்றியது. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி குனிந்து வீங்கிய பாதத்தைப் பார்த்தாள். பக்கத்தில் செழித்து நின்ற புல்லையும் பார்த்தாள்.

"இத்தனை பாக்கெட் உப்பு போட்டும் இதுல ஒண்ணுகூடச் சாகலையே?"

"அது என்னன்னா, இந்த ரகம்..."

"அப்ப அந்த உப்பு யாரைக் கொன்னுக்கிட்டு இருக்கு?"

அவர் கை தானாகச் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது.

"எனக்கு எந்த டாக்டரும் உப்பை நிறுத்தச் சொல்லலைங்க" என்றாள். "நீங்க தனியாத் திங்கணுமேன்னுதான் நானும் திங்கிறேன்."

இத்தனை நாளும் எதிரே இருந்த அந்தத் தட்டை அவர் ஒரு தடவைகூடக் கவனிக்கவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது.

டாக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்த கையோடு அடுப்பில் தண்ணீர் வைத்தார். மிச்சமிருந்த பாக்கெட்டையும் தகர டப்பாவையும் அதில் கவிழ்த்தார். செடிப் பக்கம் ஒரு சொட்டு போகாமல் இடுக்கு இடுக்காக ஊற்றினார். புல் மறுநாளே வாடிச் சுருண்டது. ரகம் அப்படியொன்றும் கெட்டியில்லை.

அன்று ராத்திரியும் சாப்பாட்டில் உப்பில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று தட்டை நீட்டினார்.