டோக்கன் அக்கா ஒட்டாத நோட்டீஸ்

அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களிடம் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாக அதே ஜன்னல், அதே ஸ்டூல். காவலாளிகள் எல்லாருக்கும் அவள் டோக்கன் அக்கா.

அந்தப் பகுதியில் மூன்று அருங்காட்சியகங்கள், நீண்ட மதில்கள், பெயருக்குக்கூட ஒரு கடை கிடையாது. மத்தியானத்தில் ஈ காக்கா இருக்காது. பஸ் நிறுத்தத்துக்கு மதிலோரச் சந்து வழியாகத்தான் போக வேண்டும். எட்டு மாசமாக அங்கேதான் ‘வழிகாட்டி’ என்று சொல்லிக்கொண்டு ஒருவன் நிற்பான். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் யாரும் கொடுக்காத அடையாள அட்டை. தனியாக வரும் பெண்களைப் பார்த்தால் மட்டும் அவனுக்கு வழிகாட்டத் தோன்றும். அவன் இளிப்பைப் பார்த்தாலே அக்காவுக்குக் குமட்டும். இரண்டு தடவை மேலாளரிடம் சொன்னாள். “பாத்துக்கலாம்மா” என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, டோக்கனைக் கொடுத்துத் தன் முதுகுப்பையை வாங்கிக்கொண்டு போன வெளியூர்ப் பெண் பத்தே நிமிஷத்தில் திரும்பி ஓடிவந்தாள். சட்டைக் கையில் தையல் பிரிந்திருந்தது. “அந்த ஆளு... சுவரோட சேத்து அமுக்கி...” அக்கா அவளை உள்ளே இழுத்துத் தன் ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

மேலாளர் வந்தார். முதல் கேள்வியே, “தனியாவா வந்தீங்க?”

அரை மணி நேரத்தில் ஒரு நோட்டீஸ் அடித்துக் கொண்டுவந்தார்: ‘பெண்கள் துணையின்றி வருவதைத் தவிர்க்கவும்.’

“கவுன்டர்ல ஒட்டிடும்மா. நாளைக்கு நம்ம மேல பேச்சு வரக் கூடாது.”

படித்ததும் அக்காவுக்குச் சாக்கடையில் கை விட்ட மாதிரி இருந்தது. “அவன் நெத்தியில ஒட்டுங்க சார்” என்று காகிதத்தை மேஜையில் போட்டாள். நாற்பது பேரின் பைகள் உள்ளே இருக்க, கவுன்டரைப் பூட்டினாள். “யாரைக் கேட்டுப் பூட்டுறே?” என்று அவர் கத்தியது வாசல்வரை கேட்டது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு நடந்தாள்.

அங்கே எழுத்தரும் அதையே கேட்டார்: “தனியாவா?”

“அது குத்தம்னா முதல்ல அதை எழுதிக்கோங்க. அடுத்து அவன் பண்ணினதை எழுதுங்க. எட்டு மாசமா நானும் பாக்கிறேன், சாட்சிக்கு நான் வர்றேன்.”

எழுதினார். அன்று சாயங்காலமே அவனைப் பிடித்தார்கள். நாலாம் நாள் ஜாமீனில் வெளியே வந்தான். கவுன்டரைப் பூட்டியதற்கு அக்காவுக்கு மெமோ வந்தது. ஆனால் அந்தப் பெண் ஊருக்குப் போயும் விடவில்லை, வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டில் வந்து நின்றாள். அக்காவும் லீவு போட்டுவிட்டுப் போனாள். ஏழாவது மாசம் அவனுக்குத் தண்டனை ஆனது.

மறுநாள் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். “புகார் கொடுக்க வச்சதே எங்க நிர்வாகம்தான்” என்றார் மேலாளர், சட்டையை நீவிவிட்டுக்கொண்டு.

அக்கா எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள்.