அலுமாரிக்குள் ஆடு

விமர்சனம் எழுதுகிறவளுக்கு மனது நல்லதாக இருக்கக்கூடாது. எதைக் கண்டாலும் இதற்குள் ஏதோ கள்ளம் இருக்கிறது என்றுதான் முதலில் தோன்ற வேண்டும். எனக்கு அது பிறவிக்குணம். மீன்காரர் இப்போதுதான் கரைக்கு வந்த மீன் என்று சத்தியம் செய்தாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பேன். கொழும்புத் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றில் வந்த சினிமா விமர்சனத்தை ஏசி நான் கடிதம் எழுதப்போய், அதன் ஆசிரியர் "அப்ப நீங்களே எழுதித் தாங்களேன்" என்று கேட்டபோதுகூட, இந்த மனுஷனுக்கு என்ன உள்நோக்கம் என்றுதான் யோசித்தேன். கற்பிட்டிப் பக்கத்தில், வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் சொல்லிக்கொடுக்கிற ஒருத்தியைத் தேடிப் பிடிக்கிற அளவுக்குக் கொழும்பில் ஆள் பஞ்சமா? பிறகுதான் விளங்கியது. அங்கே எழுதுகிறவர்கள் எல்லோரும் புகழ்ந்தே எழுதுகிறார்கள், அவருக்கு ஏசத் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

யுத்தம் முடிந்து சில வருஷங்களில் எங்கள் பக்கத்துக்கு நல்ல ரோட்டு வந்தது. வெள்ளைக்காரர்கள் பலகையில் ஏறி, பெரிய பெரிய காற்றாடிப் பட்டங்களைப் பிடித்துக்கொண்டு கடலில் ஓட வந்தார்கள். போன் கோபுரமும் வந்தது. என் கணவர் கத்தாருக்குப் போனார். கோபுரம் வந்ததே தவிர வீட்டுக்குள் சிக்னல் இல்லை. கிணற்றடியில், கிடுகு வேலியை ஒட்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் மட்டும்தான் படம் நிற்காமல் ஓடும்.

அந்த வேலிக்கு அடுத்த பக்கம் மதினியின் வீடு. மதினி என்றால் கணவரின் ராத்தா, அவருடைய அக்கா. எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார்; நான் இருப்பது என் வாப்பா எனக்குக் கட்டித் தந்த வீடு. மாமியோடு ஒரே வீட்டில் இருக்கிற தொல்லை இவளுக்கு இல்லை என்று தோழிகளுக்கெல்லாம் பொறாமை. கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் மதினி பக்கத்துக் காணியை வாங்கி, தன் உம்மாவான என் மாமியையும் கூட்டிக்கொண்டு வந்து குடியேறினார். பொறாமைப்பட்டவர்கள் இப்போது எனக்காகத் துஆ கேட்கிறார்கள்.

ஆசிரியர் அந்த முறை எழுதச் சொன்னது ஓர் அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் நான்காவது சீசனைப் பற்றி. கார்ட்டூன் என்றதும் பிள்ளைகளுடையது என்று நினைத்துவிடக்கூடாது. வளர்ந்தவர்களுக்கு எடுத்தது; வாயைத் திறந்தால் தூஷணம். ஒரு சிறு நகரத்தை ஆடுகள் ஆளுகின்றன. கோட்டும் டையும் போட்ட ஒரு கிடாய்தான் நகரசபைத் தலைவர். முதல் மூன்று சீசன்களிலும் அந்தத் தொடர் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. அரசியல்வாதி, மதத்தலைவர், டொக்டர், இவர்களை நம்பி வாக்குப் போட்ட மடையர்கள் எல்லோருக்கும் அடி விழுந்தது. நான்காவது சீசனில், ஊருக்குள் யாரோ எதிரி இருக்கிறான் என்று சொல்லிப் பாதுகாப்புக் குழு ஒன்று அமைத்து, ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் கோப்புத் திறக்கிறார்கள். கூட்டம் தொடங்கும்போது ஒரு கோப்பும் இருக்காது. உறுப்பினர்கள் தின்றிருப்பார்கள். காகிதத்தைக் கண்டால் ஆடு சும்மா விடுமா?

ஆனால் இரண்டு மூன்று பாகம் பார்த்ததும் எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. தலைவருக்குத் திடீரென்று அழத் தெரிந்தது. இடையில் ஒரு பாட்டுக்கூடப் பாடினார். மூன்று சீசனாகக் கடித்த நாய்க்கு யாரோ எலும்பு போட்டிருக்கிறார்கள் என்று குறித்து வைத்தேன். இந்த சீசன் சுமார்தான் என்று எழுதுவதாக இருந்தேன். இருந்தாலும் பழைய குறும்பு அங்கங்கே தலைகாட்டும், அந்த இடங்களில் என்னால் அடக்க முடியாது. என் சிரிப்பும் சின்னச் சிரிப்பல்ல. காதில் இயர்போனை வைத்துக்கொண்டால் நம் சத்தம் நமக்கே தெரியாது.

ஒரு நாள் வேலிக்கு மேலால் மதினியின் தலை தெரிந்தது.

"யாரோட புள்ள கதைக்கிற?"

"கதைக்கல்ல மதினி. ஆடு."

"எந்த ஆடு? எங்கட ஆடு பாத்திக்குள்ள வந்திட்டா?"

அவர் பதறிப்போய்த் தடியை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தார். படத்தில் வருகிற ஆடு என்று சொல்லிப் புரியவைக்க ஒரு பாடு பட்டேன். ஆடு இங்கிலீஷ் பேசுகிறது, அதைப் பார்த்து நான் சிரிக்கிறேன், சிரித்ததைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று ஒழுங்காகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. உண்மை சில நேரம் பொய்யைவிடக் கேவலமாகக் கேட்கும்.

அடுத்த நாள் ஒரு போத்தல் தண்ணீர் வந்தது. "ஹஸ்ரத் ஓதித் தந்த தண்ணி. தனியச் சிரிக்கிறதுக்கு நல்லமாம். பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடி." எனக்கு ஜின் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டியிருக்கிறார். வெயிலும் அப்படி, எனக்குத் தாகமும் அப்படி, போத்தலை முழுக்கக் குடித்தேன். மறுநாளும் சிரித்தேன். ஓதின தண்ணீருக்கும் போகாத ஜின் என்றால் அது ஜின்னாக இருக்க முடியாது, ஆம்பிளையாகத்தான் இருக்க வேண்டும் என்று மதினி நினைத்திருப்பார். அதற்குப் பிறகு வேலிக்கு மேலால் தலை தெரியவில்லை. கிடுகுக்குக் கீழால், அந்தப் பக்கம் கால் மட்டும் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா ஆசிரியர் குரல்பதிவு அனுப்ப வேண்டும்? இயர்போனைக் கழற்றிவைத்திருந்தது எனக்கு நினைவில்லை. "உங்களத்தான் நம்பி இருக்கிறன், இந்தக் கிழமை என்னக் கைவிட்டிராதீங்க" என்று ஓர் ஆண்குரல் கிணற்றடி முழுக்கக் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"பொம்பிளை சிரிச்சாப் போச்சு, புகையில விரிச்சாப் போச்சு," என்று மதினி கோழிகளுக்குச் சொன்னார்.

என் கணவர் நல்ல மனுஷன். நான் எழுதுவது அவருக்குத் தெரியும். ஆட்டுப் படத்தைப் பற்றிச் சொன்னபோதுகூட "எனக்கெங்க புள்ள நேரம், நீயும் உன்ட ஆடும்" என்று சிரித்தவர்தான். ஆனால் கடல் கடந்து இருக்கிற மனுஷனுக்கு ராத்தாவின் வாயால் ஒரு கதை போனால் எப்படிக் கேட்கும்? "எழுதினது போதும்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் என் கதை முடிந்தது. எனக்கு அந்த எழுத்து வேண்டும். நாள் முழுக்க மற்றவர்களுடைய பிள்ளைகளுக்கு வினைச்சொல் சொல்லிக்கொடுத்துவிட்டு, என் வாயில் இருக்கிற விஷத்தையெல்லாம் மரியாதையாக இறக்கி வைக்க எனக்கு இருந்த ஒரே இடம் அது. அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் உண்மையாகவே தனியாகச் சிரிக்கத் தொடங்கிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு மாமி நேராகவே வந்துவிட்டார். பின்னால் மதினி, கையில் போன். போனுக்குள் என் கணவர், லீவு நாள் பனியனோடு.

"மடியில கனமில்லாட்டி வழியில என்ன பயம்?" என்றார் மாமி. "நீ என்னத்தப் பாத்துச் சிரிக்கிற எண்டு எங்களுக்கும் காட்டு. அவனும் பாக்கட்டும்."

கிணற்றடியில் இரண்டு கதிரை போட்டு, மூன்றாவதில் என் லெப்டொப்பை வைத்தேன். மதினி போனைப் படத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். எந்தப் பாகத்தைப் போடுவது என்பதுதான் பெரிய சோதனை. முத்தம் இல்லாத பாகத்தில் கெட்ட வார்த்தை இருக்கும். கெட்ட வார்த்தை குறைந்த பாகத்தில் முத்தத்துக்கு மேலேயே இருக்கும். யோசித்து யோசித்து ஏழாம் பாகத்தைப் போட்டேன். அதிலும் தலைவர் குளிக்கிற காட்சி ஒன்று இருந்தது எனக்கு மறந்துவிட்டது. அவர் கோட்டைக் கழற்றினார், காற்சட்டையைக் கழற்றினார். நான் "அஸ்தஃபிருல்லாஹ்" என்று கையால் திரையை மறைத்தேன்.

"கைய எடு," என்றார் மாமி. "ஆடு உடுப்பில்லாமத்தானே இருக்கும். உடுப்புப் போட்டதுதான் பிழை."

இங்கிலீஷை நான்தான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். தூஷணம் வருகிற இடமெல்லாம் "அடப்பாவி" என்று சமாளித்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த மாமி, "இந்தக் கிடாய் விதம்விதமாப் பேசுது, நீ எல்லாத்துக்கும் அடப்பாவி எண்டே சொல்ற" என்றார். ஆனால் சிரிக்கவும் தொடங்கிவிட்டார். கோப்பைத் தின்கிற இடத்தில் மதினிக்கே வாய் கோணியது. கத்தாரிலிருந்தும் சிரிப்புக் கேட்டது. அந்த லைனில் எல்லாம் பிந்தித்தான் வரும். நாங்கள் சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவர் சிரிப்பது எங்களுக்குக் கேட்கும்.

அந்தப் பாகத்தின் உச்சம் கடைசியில் வருகிறது. ஊரையெல்லாம் வேவு பார்த்து முடித்த தலைவருக்குத் தன் மனைவிமேல் சந்தேகம் வருகிறது. கையும் களவுமாகப் பிடிக்க அவளுடைய அலுமாரிக்குள் ஒளிகிறார். திரை இருட்டாகிறது. ஒரு சத்தமும் இல்லை. பார்க்கிறவர்களுக்குப் படம் நின்றுவிட்டதோ என்று தோன்றுகிற அளவுக்கு அந்த இருட்டு நீளும். பிறகு மனைவி வந்து கதவைத் திறப்பாள். உள்ளே கிடாய் வாயை மென்றுகொண்டு நிற்கும். அவளுடைய கல்யாண உடுப்பிலிருந்து எல்லா உடுப்பையும் தின்று தீர்த்திருக்கும். முதல்முறை பார்த்தபோது நான் கதிரையிலிருந்து விழப் பார்த்தேன்.

திரை இருண்டது. மாமி "கரண்ட் போயிட்டா?" என்று கேட்டார். மதினி மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு இன்னும் திறக்கவில்லை. மதினியின் கையிலிருந்த போனிலிருந்து என் கணவர் கெக்கெக்கே என்று சிரித்தார்.

அடுத்த கணம் கதவு திறந்தது, மாமியும் மதினியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ், வெக்கம் கெட்ட கிடாய், நல்லா வேணும்" என்றார். நான் குற்றமற்றவள் என்று தீர்ப்பாகிவிட்டது. மதினிகூட என் தோளில் தட்டி, "சரி புள்ள, சிரி" என்று அனுமதி தந்துவிட்டுப் போனார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எந்த இடத்தில் யார் எப்போது சிரிப்பார்கள் என்று பார்ப்பதுதானே என் தொழில்.

அவர்கள் போனதும் அதே கதிரையில் இருந்து என் கணவருக்குக் கோல் எடுத்தேன்.

"அலுமாரி திறக்க முந்தியே ஏன் மச்சான் சிரிச்சீங்க?"

"எப்ப?"

"இருட்டில. உள்ளுக்கு என்ன நடக்குது எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் பாத்த படம்தான் புள்ள. ரூமில ஒரு மலையாளி இருக்கிறார், அவர் போட்டுச் சொல்லித் தந்தார். சீசன் முழுக்கப் பாத்திட்டன்."

நேரமில்லை என்றவர். இங்கிலீஷ் தெரியாதவர். "மதினி உங்களுக்கிட்ட என்னத்தச் சொன்னா?" என்று கேட்டேன். வேலிப் பக்கம் பார்த்துப் பல்லைக் கடித்தேன்.

"ராத்தாவக் குற சொல்லாத. நான்தான் அவவுக்கிட்ட உன்னப் பாத்துக்கொள்ளச் சொன்னன். கோல் எடுக்கிற நேரமெல்லாம் உன்ட லைன் பிசி. ஆடு, பத்திரிகை எண்டு ஒரு கதை சொல்ற. எனக்கு எப்பிடித் தெரியும்?" பிறகு அவசரமாக, "ஓதின தண்ணி ராத்தாட சொந்த யோசனை" என்றார்.

"அப்ப படத்த ஏன் பாத்தீங்க?"

"நீ சிரிக்கிற அளவுக்கு அதில ஒண்டுமில்லாட்டி, நீ சொல்றது பொய் எண்டு பிடிபடும்தானே?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் எழுத்துக்காகச் செய்ததை அந்த மனுஷன் எனக்கு எதிராகச் செய்திருக்கிறார். சிரிப்பு வருகிறதா இல்லையா என்று பாகம் பாகமாக ஆராய்ந்திருக்கிறார். அந்தத் தொடரை நானே சுமார் என்று எழுத இருந்தேன், யா ரப்பே! ஆடுகள் இன்னும் கொஞ்சம் சுமாராக இருந்திருந்தால் என் குடும்பம் என்னவாகியிருக்கும்?

"சிரிப்பு வந்திச்சா?" என்று கேட்டேன்.

"வந்திச்சு, அல்ஹம்துலில்லாஹ்."

"இப்ப என்ன நம்புறீங்களா?"

"நம்புறன் புள்ள. நம்பாம?" அதே மூச்சில், "எதுக்கும் ராத்தா வந்து பாத்திட்டுப் போகட்டும்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அதை அவருக்குக் காட்ட எனக்கு இஷ்டமில்லை. ஆகவே பகிடி போலத்தான் கேட்டேன்.

"அப்ப உங்களப் பாத்துக்கொள்ள அங்க நான் யார வைக்க மச்சான்?"

அவரும் ஏதாவது பகிடி விடுவார், ஒருவரை ஒருவர் ஏசிவிட்டுச் சிரித்து முடிப்போம் என்று இருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். அறவில்லை. அங்கே ஏர்கண்டிஷன் இரைகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. "சரி புள்ள, பிறகு எடுக்கிறன்" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். கல்யாணம் முடித்த இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது.